புத்தாண்டு நாளின் கவிதை வசூல்: நியூயார்க் செயின்ட் மார்க்ஸ் மாரத்தான் வாசிப்பின் வரலாறு

கவிதை வாசிக்கவும் கேட்கவும் என்றே தொடங்கப்படும் அமைப்புகள் கவிஞர் கிடைக்காமல் நின்றுபோவது அரிது. வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் வழியில்லாமல் நின்றுபோனவையே மிகுதி. அரசர், ஜமீன்தார், வணிகர் என்று புரவலர் ஒருவர் இருந்த காலத்தில் இந்தச் சுமை ஒரு தோளில் இருந்தது. அத்தகைய புரவலர் மறைந்து, அவர் இடத்தில் அரசு மானியக் குழுக்கள் வந்தமர்ந்த 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், கவிதை அமைப்புகள் தம் செலவின் ஒரு பகுதியைத் தம்மைச் சுற்றியுள்ள மக்களிடமிருந்தே ஆண்டுதோறும் திரட்டிக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த நிகழ்ச்சிகளுள் நெடுங்காலம் நீடித்ததும், ஒரு நகர்ப்பகுதியின் பண்பாட்டோடு பிரிக்க முடியாதபடி ஒன்றியதும், நியூயார்க் நகரின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் நாள் நடைபெறும் மாரத்தான் கவிதை வாசிப்பு ஆகும். இதை நடத்துவது ‘பொயட்ரி ப்ராஜெக்ட்’, அதாவது ‘கவிதைத் திட்டம்’ என்னும் அமைப்பு. பங்கேற்போர் சன்மானம் வாங்காமல், வசூல் முழுவதும் ஒரு பொதுக் காரியத்துக்குச் சேரும்படி நடத்தப்படுவதை நிதியளிப்பு நிகழ்ச்சி என்கிறோம். பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக நாடகம் போட்ட வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் அடிப்படை புதிதாக இராது. ஆனால் நிதிக்காக ஏற்பட்ட ஒரு நிகழ்ச்சி காலப்போக்கில் அந்த அமைப்பின் முதன்மையான இலக்கியச் செயலாகவே மாறியது எப்படி என்பதுதான் இந்த வரலாற்றில் கவனிக்கத் தக்கது.

தேவாலயம் அமைந்துள்ள இடத்தின் வரலாறு கவிதைத் திட்டத்தைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது. நியூயார்க் ‘நியூ ஆம்ஸ்டர்டாம்’ என்ற பெயரில் டச்சுக்காரர் வசம் இருந்தபோது, அதன் கடைசி ஆளுநராக இருந்த பீட்டர் ஸ்டைவசன்டின் பண்ணை நிலம் இங்கே இருந்தது. பண்ணையைக் குறிக்கும் ‘பவ்வரை’ என்னும் டச்சுச் சொல்லே ‘பவரி’ எனத் திரிந்து அருகிலுள்ள சாலைக்கும், ‘செயின்ட் மார்க்ஸ் இன் த பவரி’ என்ற முழுப்பெயரின் வழியே தேவாலயத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஸ்டைவசன்டின் குடும்பச் சிற்றாலயம் இருந்த மனையில் 1795இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1799இல் திறக்கப்பட்ட இன்றைய கட்டடம், மன்ஹாட்டன் தீவில் எஞ்சியிருக்கும் தேவாலயக் கட்டடங்களில் வயதால் இரண்டாவது. ஆளுநரின் உடல் அதன் அடியிலுள்ள நிலவறையில்தான் இருக்கிறது. 1911 முதல் 1937 வரை பங்குக் குருவாக இருந்த வில்லியம் நார்மன் கத்ரி வழிபாட்டோடு நடனத்தையும் கவிதையையும் சேர்க்க முயன்று தம் திருச்சபை மேலிடத்தின் அதிருப்தியைச் சம்பாதித்தவர். பின்னாளில் இதே வட்டாரத்தில் குடியிருந்த கவிஞர் டபிள்யூ. ஹெச். ஆடன் இந்த ஆலயத்துக்கு வழிபாட்டுக்கு வந்துபோனவர். ஆகவே 1960களில் கவிஞர்கள் இதன் கதவைத் தட்டியபோது, கலையை வாசலில் நிறுத்திவைக்கும் பழக்கம் அங்கே முன்பே ஓரளவு தளர்ந்திருந்தது.

கவிஞர்கள் அந்தக் கதவைத் தட்ட நேர்ந்ததற்குக் காபிக் கடைகளே காரணம். மன்ஹாட்டனின் தென்கிழக்கில் யூதர், உக்ரைனியர், போலந்துக்காரர், பிறகு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர் என அடுத்தடுத்துக் குடியேறியவர்கள் வாழ்ந்த பகுதியின் வடபாகம் 1960களில் ‘ஈஸ்ட் வில்லேஜ்’ என்று அழைக்கப்படலாயிற்று. வாடகை குறைவாக இருந்ததால் கவிஞர்களும் ஓவியர்களும் அங்கே குவிந்தனர். ‘லே டூ மெகோ’, அதன்பின் இரண்டாம் அவென்யூவில் இருந்த ‘கஃபே லெ மெட்ரோ’ ஆகிய காபிக் கடைகளில் வாரந்தோறும் கவிதை வாசிப்பு நடந்தது. ஒரு கோப்பை காபி வாங்கியவர் இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்கலாம் என்ற இந்த ஏற்பாட்டில் கடைக்காரருக்கு வியாபாரம் உண்டு, கவிஞருக்கு மேடை உண்டு, பணம் மட்டும் கவிஞர் பக்கம் வருவதில்லை. இந்த வாசிப்புகளை ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவரான கவிஞர் பால் பிளாக்பர்ன், கனத்த ஒலிப்பதிவுக் கருவியை ஒவ்வோர் இரவும் சுமந்து சென்று வாசிப்புகளைப் பதிவு செய்தார். இன்று அக்காலத்துக் குரல்கள் கேட்கக் கிடைப்பது பெரிதும் அவரால்தான். 1964இல் நகராட்சியின் உரிமத் துறை, கேளிக்கை நடத்தும் உரிமம் இல்லாமல் கவிதை வாசிக்க இடம் தந்ததாகக் கஃபே லெ மெட்ரோ மீது நடவடிக்கை எடுத்தபோது கவிஞர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். கவிதை கேளிக்கையா என்ற விவாதம் நகராட்சி அலுவலகத்தில் நடந்தது ஒருபுறம் வேடிக்கை என்றாலும், பிறர் வியாபாரத்தை நம்பி நடக்கும் வாசிப்பு எந்த நாளும் நின்றுபோகலாம் என்ற பாடம் கவிஞர்களுக்கு அங்கேதான் கிடைத்தது. கடை உரிமையாளருடனான உறவும் கெட்ட பிறகு, பத்தாம் தெரு முனையில் அருகிலேயே இருந்த தேவாலயத்துக்கு அவர்கள் இடம் மாறினர். அப்போதைய பங்குக் குரு மைக்கேல் ஆலன், 1964இலேயே ‘தியேட்டர் ஜெனிசிஸ்’ என்ற நாடகக் குழுவுக்குத் தம் ஆலயத்தில் இடம் தந்து, சாம் ஷெப்பர்டின் முதல் நாடகங்கள் மேடையேற வழிசெய்தவர்.

கவிதைத் திட்டத்தின் முதல் பணம் வந்த வழி சற்று விசித்திரமானது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் ஆட்சிக் காலத்தில் வறுமை ஒழிப்புக்கென அமெரிக்க மைய அரசு தாராளமாகச் செலவிட்டுக்கொண்டிருந்தபோது, சுகாதாரம், கல்வி, நலத் துறையின் கீழ் இளஞ்சிறார் குற்றத்தையும் இளைஞர் மேம்பாட்டையும் கவனித்த அலுவலகம் ஒன்று இருந்தது. சமூகத்திலிருந்து விலகிப்போன இளைஞர்களைக் கலைகளின் வழியே மீட்கலாமா என்று சோதித்துப் பார்ப்பதற்காக அந்த அலுவலகம் 2 லட்சம் டாலரை நெருங்கிய தொகையை ஒதுக்கியது. ஹாரி சில்வர்ஸ்டீன் என்ற சமூகவியலாளரின் முயற்சியால் அது செயின்ட் மார்க்ஸ் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1966 இலையுதிர் காலத்தில் நாடகம், திரைப்படம், கவிதை ஆகிய மூன்றுக்கும் திட்டங்கள் தொடங்கின. கவிதைத் திட்டத்தின் இயக்குநராகப் பிளாக்பர்ன் வருவார் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, பதவி ஜோயல் ஓப்பன்ஹைமருக்குப் போயிற்று. ஊதியமின்றி உழைத்தவர் ஒருவர், ஊதியம் வந்த நாளில் வேறொருவர் என்பது மானியப் பணத்தோடு கூடவே வரும் பழைய கதை. கோப்புகளில் எழுதப்பட்ட நோக்கம் தெருவில் அலையும் இளைஞர்களின் சீர்திருத்தம் என்றிருந்தாலும், நடைமுறையில் அந்தப் பணம் கவிஞர்களுக்குச் சிறு சம்பளமாகவும், கட்டணமில்லாப் பயிலரங்குகளாகவும், வாசிப்பு இரவுகளாகவும் மாறியது. இதை மோசடி என்று சொல்வது மிகை. அந்த ஆண்டுகளில் ஈஸ்ட் வில்லேஜ் கவிஞர்களில் பலர் அரசின் வரையறைப்படியே வருமானமும் குடும்பப் பிடிப்பும் அற்ற இளைஞர்களாகத்தான் இருந்தனர்.

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்து உதவியாளராகச் சேர்ந்த ஆன் வால்ட்மன் 1968இல் இயக்குநரானார். பத்தாண்டு அப்பொறுப்பில் இருந்தார். இந்த அமைப்பைச் சுற்றி ஒரு சமூகம் திரண்டதில் ‘தி வேர்ல்ட்’ என்ற இதழுக்குப் பெரும் பங்கு உண்டு. 1967 தொடக்கத்தில் முதல் இதழ் வந்த இந்த ஏடு, தமிழ்ச் சிற்றிதழ்க்காரர்கள் நன்கறிந்த சைக்ளோஸ்டைல் முறையில் அச்சானது: மெழுகு பூசிய தாளில் தட்டச்சு செய்து, அதை உருளையில் மாட்டி, மை கசியக் கசியப் படியெடுக்கும் முறை அது. படியெடுத்த தாள்களைப் பக்க வரிசையில் மேசைகள்மேல் அடுக்கிவைத்து, கவிஞர்களும் நண்பர்களும் மேசையைச் சுற்றி நடந்து அடுக்குக்கு ஒரு தாளாக எடுத்துச் சேர்த்துக் கம்பித் தையல் போட்டார்கள். தம் கவிதை அச்சாகும் இதழைத் தாமே கோத்த இந்தப் பழக்கம் பின்னாளைய மாரத்தான் வாசிப்புக்கு ஒத்திகை போன்றது. ஏனென்றால் அங்கும் வாசிப்பவரே நாற்காலி போடுகிறார், வாசிப்பவரே கதவருகே நின்று சீட்டுக் கிழிக்கிறார். அந்நாளில் தேவாலயத்தில் வாரந்தோறும் வாசிப்பு நடந்தது: திங்கட்கிழமை எவரும் வந்து வாசிக்கலாம். புதன்கிழமை அழைக்கப்பட்ட கவிஞர் வாசிப்பார். 1971 பிப்ரவரி 10 அன்று பேட்டி ஸ்மித், லெனி கே என்பவர் மின்கிதார் வாசிக்கத் தம் கவிதைகளை முதன்முதலாக மேடையேற்றியது இங்கேதான். அந்த இரவு ராக் இசை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. தேவாலயத்தின் கணக்கில் அதுவும் ஒரு புதன்கிழமைதான்.

மைய அரசின் முதல் மானியம் இரண்டாண்டுக் காலத்தோடு முடிந்தது. அதன்பின் இரண்டு பொது நிறுவனங்களை நம்பியே இத்தகைய அமைப்புகள் நடந்தன: ஒன்று 1965இல் ஏற்பட்ட தேசியக் கலை நிதியம்; மற்றொன்று 1960இல் ஏற்பட்டு 1970களின் தொடக்கத்தில் பெருகிய நியூயார்க் மாநிலக் கலைக் குழு. இவற்றின் பணத்துக்கு இரண்டு தன்மைகள் உண்டு என்பதை அறிந்தால்தான் வசூல் நிகழ்ச்சி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். மானியம் என்பது பொதுவாகக் குறிப்பிட்ட ஒரு பணிக்கென்று தரப்படுவது. பத்து வாசிப்புகளுக்கென்று வந்த பணத்தில் ஒழுகும் கூரையை அடைக்க முடியாது, தொலைபேசிப் பாக்கியைக் கட்ட முடியாது. அடுத்து, தேசியக் கலை நிதியம் அமைப்புகளுக்குத் தரும் மானியத்துக்கு இணைத்தொகை என்ற நிபந்தனை உண்டு. நிதியம் ஒரு டாலர் தந்தால் அமைப்பும் வேறு வழியில் ஒரு டாலர் திரட்டிக் காட்ட வேண்டும். ஆகவே கதவருகே சீட்டு விற்றுச் சேர்ந்த ஒரு டாலர், தன் மதிப்பை மட்டும் கொண்டதாக இல்லாமல், இன்னொரு டாலரை வாங்கித் தரும் சாட்சியாகவும் ஆயிற்று. இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பார்ப்பவருக்கு, ஆண்டுக்கு ஒருநாள் வசூலை நம்பி ஓர் அமைப்பு இவ்வளவு பாடுபடுவது ஏன் என்பது புரியாது. 20 டாலர் வீதம் 1,000 பேர் வந்தார்கள் என்று கற்பனையாகக் கணக்கிட்டாலும் சேர்வது 20,000 டாலர். 1966இல் மைய அரசு ஒரே கையெழுத்தில் தந்ததில் அது பத்தில் ஒரு பங்கு அளவே, அதுவும் பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்காமல். ஆனால் அந்த 20,000 டாலரை எதற்குச் செலவிட்டோம் என்று எவருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

முதல் மாரத்தான் வாசிப்பு, வால்ட்மனின் பொறுப்பில் 1974ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் நடந்தது. நெடுநேரம் நீளும் நிகழ்ச்சி என்ற வடிவம் திடீரென்று தோன்றியதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர் ஜெரி லூயிஸ் 1966 முதல் ஆண்டுதோறும் தொழிலாளர் தின வார இறுதியில், தசைநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்ட இரவு பகலாக நடத்திய நிகழ்ச்சி, நெடுநேரம் தாங்கி நிற்பதையே நன்கொடை கேட்கும் வழியாக ஆக்கியிருந்தது. புதுமைக் கலைஞர் பக்கத்திலோ இதற்கு வேறொரு முன்மாதிரி இருந்தது. 1963 செப்டம்பரில், செயின்ட் மார்க்ஸிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள பாக்கெட் தியேட்டரில், இசையமைப்பாளர் ஜான் கேஜ், எரிக் சாட்டி இயற்றிய சிறிய பியானோ உருப்படி ஒன்றை 840 முறை திரும்பத் திரும்ப வாசிக்க ஏற்பாடு செய்தார். 18 மணி நேரத்துக்கு மேல் அது நடந்தது. நுழைவுக் கட்டணம் 5 டாலர், உள்ளே இருந்த ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்பட்டது. கேட்பவருக்குக் கேஜ் கூலி கொடுத்த இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பியதுதான் கவிதை மாரத்தான்: எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரே சீட்டு, போன பணம் திரும்பாது. 1970களின் நடுவிலிருந்து பாலா கூப்பர் ஓவியக்கூடத்திலும் புத்தாண்டை ஒட்டி கெர்ட்ரூட் ஸ்டைனின் பெரிய நாவல் ஒன்றைப் பலர் மாறி மாறி இரண்டு நாள் வாசிக்கும் வழக்கம் தொடங்கி 2000 வரை நடந்ததால், ஒரே பருவத்தில் ஒரே நகரின் தென்பகுதியில் இரு மாரத்தான்கள் நடந்தன. ஒன்றில் ஒரு நூலுக்குப் பல குரல். மற்றொன்றில் ஒவ்வொரு குரலுக்கும் தன் நூல்.

ஜனவரி 1 என்ற நாள் பொருந்தி வந்ததற்கு நடைமுறைக் காரணங்கள் எளியவை. அன்று அரங்குகள் காலியாக இருக்கும், பெரிய நாடகங்களோடு போட்டி இல்லை, விடுமுறை என்பதால் தொண்டர்கள் கிடைப்பார்கள், முந்தைய இரவின் கொண்டாட்டத்தால் களைத்தவர்களுக்குப் போக ஓரிடம் வேண்டும். இவற்றோடு ஏற்பாட்டாளர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, ஒரு பழைய வழக்கமும் வந்து பொருந்துகிறது. நியூ ஆம்ஸ்டர்டாமின் டச்சுக் குடும்பங்கள் புத்தாண்டு நாளில் வீட்டு வாசலைத் திறந்துவைத்து, வருவோர்க்கெல்லாம் தின்பண்டமும் பானமும் தந்து உபசரித்தனர். ஆங்கிலேயர் ஆட்சி வந்த பின்னும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நியூயார்க்வாசிகள் அன்று வீடு வீடாகச் சென்று வாழ்த்துவதைக் கடமையாகக் கொண்டிருந்தனர். அந்த வழக்கம் மங்கிப்போய் ஏறத்தாழ நூறாண்டு கழித்து, ஸ்டைவசன்டின் பழைய நிலத்திலேயே, புத்தாண்டன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஊர் கூடும் வழக்கம் வேறு வடிவில் மீண்டது.

நிகழ்ச்சியை நடத்தும் முறையை உள்ளே சென்று பார்த்தால், அதன் அடிப்படை அலகு நிமிடம் என்பது தெரியும். அண்மைப் பத்தாண்டுகளில் ஒரு மாரத்தானில் 140 பேர் அளவில் பங்கேற்றுள்ளனர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் வாசிப்புக்கு மட்டும் ஏழு மணி நேரம். ஒருவர் இறங்கி மற்றவர் ஏற, இசைக்கருவியைப் பொருத்த, அறிமுகம் சொல்ல என்று ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கூட்டினால் பத்தரை மணி நேரம். பிற்பகலில் தொடங்கும் நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டுவதன் இரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் மிகுதியாக எடுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும் என்பதால், நேரத்தைக் காப்பவரே அன்றைய அரங்கில் அதிகாரம் மிக்கவர். நம் கவியரங்குகளில் தலைவர் முன்னால் ஒரு மணி இருப்பதையும், புகழ் வாய்ந்த கவிஞர் மேடையில் இருக்கும்போது அந்த மணி அடிக்கத் தயங்குவதையும் கண்டவர்கள், செயின்ட் மார்க்ஸில் ஆலன் கின்ஸ்பெர்க் போன்ற புகழ்பெற்ற கவிஞருக்கும் முதன்முறை மேடையேறும் இளைஞருக்கும் ஒரே அளவு நேரம் என்ற கொள்கையை எவ்வளவு தூரம் காப்பாற்ற முடிந்திருக்கும் என்று ஐயுறலாம். கொள்கை வழுவிய இடங்கள் இருந்தே தீரும். ஆயினும் கொள்கை இருந்தது.

பட்டியல் தயாரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டி ஸ்மித், பிலிப் கிளாஸ், யோகோ ஓனோ போன்று கவிதை வட்டத்துக்கு வெளியிலும் கூட்டம் சேர்க்கும் பெயர்கள் இல்லாமல் வசூல் இல்லை. ஆனால் அவர்கள் ஒரே மணிக்குள் வந்துபோனால், அரங்கு நிரம்பிப் பிறகு காலியாகிவிடும். ஆதலால் அறியப்பட்ட பெயர்களை நாள் முழுவதும் பரவலாக வைத்து, இடையில் பயிலரங்கு மாணவர், சிற்றிதழ் ஆசிரியர், நடனக்காரர் எனப் பிறரை நிரப்பினால், ஒரு பெயருக்காகச் சீட்டு வாங்கியவர் அது வரும் வரை பெயர் தெரியாத பத்துப் பேரைக் கேட்டாக வேண்டும். கோயில் திருவிழாவில் மண்டகப்படி என்பது, ஒவ்வொரு நாளின் செலவையும் வழிபாட்டையும் ஒவ்வொரு குடியினர் ஏற்று நடத்தும் முறை. பெரியவர் மண்டகப்படியோ எளியவர் மண்டகப்படியோ, தேர் எல்லாவற்றையும் கடந்துதான் நிலைக்கு வரும். மாரத்தானின் நிமிடப் பங்கீடு பெரிதும் அதைப் போன்றது.

பெரிய அரங்கில் வாசிப்பு நடக்கும்போது, பக்கத்திலுள்ள பங்குக் கூடத்தில் இன்னொரு வசூல் நடக்கிறது. தொண்டர்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்ததும், அக்கம்பக்கத்து உணவகங்கள் இனாமாகத் தந்ததுமான உணவு அங்கே விற்கப்படுகிறது. ஜனவரிக் குளிரில் காகிதக் கிண்ணத்தில் ஊற்றிய சூடான சூப்பும், ஒரு கையில் அதைப் பிடித்தபடி மறுகையால் புரட்டப்படும் கவிதை நூலும் இந்நிகழ்ச்சியின் மாறாத காட்சிகள். நூல்களைச் சிறு பதிப்பகங்களும் கவிஞர்களும் நன்கொடையாகத் தருகின்றனர். புத்தகக் கடையில் ஆண்டு முழுவதும் கிடந்து விலைபோகாத நூல், அதை எழுதியவர் பக்கத்து அறையில் மூன்று நிமிடம் வாசித்து முடித்த சூட்டில் விற்றுப்போவதுண்டு. சீட்டு, சூப்பு, நூல் ஆகிய மூன்றில் எதற்கும் அமைப்பு முதல் போடுவதில்லை. உழைப்பும் பொருளும் இனாமாக வருவதால் வரவு அனைத்தும் ஏறத்தாழ இலாபமே.

அந்த இலாபம் உண்மையில் யார் பையிலிருந்து வருகிறது என்று கேட்டால் விடை சற்றுச் சங்கடமானது. கேட்க வருவோரில் கணிசமானவர் கவிஞர்களே. வாசிப்பவர் சன்மானத்தை விட்டுக்கொடுக்கிறார், கேட்பவர் சீட்டு வாங்குகிறார், இருவரும் பெரும்பாலும் வசதியற்ற ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆண்டு முழுவதும் புதன்கிழமைகளில் அழைக்கப்படும் கவிஞருக்குச் சிறு சன்மானமாவது தர வேண்டும் என்பதற்காக, ஆண்டில் ஒருநாள் எவருக்கும் சன்மானமில்லாமல் வாசிக்கச் செய்வது இந்த ஏற்பாடு. முறையாகச் சொன்னால் இது கவிஞர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரி. வரி நியாயமானதாக இருக்க வேண்டுமானால் அதைச் செலுத்துவோர்க்கு உள்ளே இடம் இருக்க வேண்டும். 140 பேருக்கு மேல் இடமில்லாத பட்டியலில் விடுபட்டவர்களின் மனக்குறை இயல்பானது. 1990களின் நடுவில் ஈஸ்ட் வில்லேஜிலேயே கட்டணமில்லாத மாற்றுப் புத்தாண்டு வாசிப்பு ஒன்று தோன்றியதை இந்தக் குறையின் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். அதைப் பிளவு என்று கொள்வதைவிட, ஒரு நாள் முழுவதும் கவிதை கேட்க ஒரே வட்டாரத்தில் இரண்டு கூட்டம் சேர்ந்தது என்று கொள்வது பொருத்தம்.

1978 ஜூலை 27 அன்று, பழுதுபார்ப்பு வேலையின்போது பற்றிய தீயில் தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பலவும் அழிந்தன. மீண்டும் கட்டும் பணியில் அந்த வட்டாரத்து இளைஞர்கள் தச்சும் கல்வேலையும் கற்றுக்கொண்டு பங்கேற்றனர். 1966இல் மைய அரசு கோப்பில் எழுதிய நோக்கம் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கூரையின்மேல் நிறைவேறியது என்று சொல்லலாம். புனரமைப்பு 1980களின் நடுப்பகுதி வரை இழுத்தது. அந்த ஆண்டுகளில் பெர்னடெட் மேயரும் அவருக்குப் பின் ஐலீன் மைல்ஸும் இயக்குநர்களாக இருந்தனர்; ரீகன் ஆட்சியில் கலைக்கான அரசுப் பணம் சுருங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அடுத்த அடி 1990களில் விழுந்தது. கலைஞர்கள் சிலருக்கு அரசுப் பணம் போனதைப் பற்றி நாடாளுமன்றத்தில் எழுந்த கடும் சர்ச்சையின் விளைவாக, 1995இல் 16 கோடி டாலருக்கு மேலிருந்த தேசியக் கலை நிதியத்தின் ஒதுக்கீடு, 1996இல் 10 கோடிக்கும் கீழே இறங்கியது. அரசை மட்டுமே நம்பிய சிறு அமைப்புகள் பல இந்தச் சுருக்கத்தில் தள்ளாடின. புத்தாண்டு வசூலால் அந்த இழப்பை ஈடுசெய்திருக்க முடியாது. ஆனால் தன்னை விட்டால் கதியில்லை என்று எண்ணும் சில நூறு பேர் தன்னைச் சுற்றி இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் சான்று கவிதைத் திட்டத்திடம் இருந்தது. தனியார் நன்கொடையாளரிடம் போய் நிற்கும்போது அந்தச் சான்றுக்கு விலை உண்டு.

ஆண்டுக்கொரு முறை ஒரே நாளில் ஒரே இடத்தில் நிகழ்வதால் மாரத்தானுக்கு வேறொரு பயனும் ஏற்பட்டது. அது அந்தக் கவிதைச் சமூகத்தின் தலைக்கணக்கு ஆயிற்று. யார் புதிதாக வந்தார், யார் ஊரை விட்டுப் போனார், எந்த இருவர் பேசிக்கொள்வதில்லை, யாருக்கு உடல்நலமில்லை என்பதெல்லாம் ஜனவரி 1 அன்று தெரிந்துவிடும். 1983இல் டெட் பெரிகனும், எய்ட்ஸ் நோய் வாட்டிய ஆண்டுகளில் இளம் கலைஞர் பலரும், 1997இல் கின்ஸ்பெர்கும் மறைந்த பின், தம் மூன்று நிமிடத்தில் தம் கவிதையை விட்டு இறந்தவர் கவிதையை வாசிப்போரும் இருந்தனர். 2003இல் இயக்குநராக வந்த அன்செல்ம் பெரிகன், இந்த அரங்கில் வளர்ந்த டெட் பெரிகன், ஆலிஸ் நாட்லி என்ற இரு கவிஞர்களின் மகன். புரவலர் பரம்பரை இல்லாத இடத்தில் தொண்டர் பரம்பரை ஒன்று உருவாகியிருந்தது. அமைப்பின் ஒலிப்பதிவுகளும் ஆவணங்களும் 2007இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேகரத்துக்குச் சென்றன. பிளாக்பர்ன் கருவியைச் சுமந்து தொடங்கிவைத்த பழக்கத்தைத் தொடர்ந்து, ஆயிரக்கணக்கான மணிநேரப் பதிவு அதற்குள் சேர்ந்திருந்தது.

பெருந்தொற்று காரணமாக 2021 மாரத்தான் இணையத்தின் வழியே நடந்தது. வாசிப்போர் தத்தம் அறைகளிலிருந்து வாசித்தனர். நேரக் கட்டுப்பாடு முன்னெப்போதையும்விட எளிதாயிற்று, சூப்பு விற்க இடமில்லாமல் போயிற்று. தொற்று மீண்டும் பரவியதால் 2022லும் அரங்கு திறக்கவில்லை. 2023 ஜனவரி 1 முதல் வாசிப்பு மீண்டும் இரண்டாம் அவென்யூவும் பத்தாம் தெருவும் கூடும் முனையிலுள்ள அதே கட்டடத்தில் நடக்கிறது. வாசலில் சீட்டு மேசை போடப்படுகிறது. அதில் உட்காருபவருக்கு அன்றும் சம்பளம் இல்லை.